கணக்குக் கேள்வி–பதில்: எச் பூச்சியமா, பூச்சியம் இல்லையா?

குமரி மாவட்டத்து வாசகர்களிடமிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வகை நுண்கணிதத்தைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. எல்லை வரையறையிலிருந்து வகைக்கெழு (ஒரு புள்ளியில் சார்பு மாறும் வீதம்) காண்பதும், அதைக்கொண்டு தொடுகோட்டின் சமன்பாடு எழுதுவதும்தான் பலருக்கும் இடறுகிற இடங்களாக இருப்பதால், அவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன்.

ஐயா, எக்ஸ்² என்ற சார்புக்கு எக்ஸ் = 3 என்ற இடத்தில் வகைக்கெழு காணும்போது, எக்ஸில் செய்யும் சிறு மாற்றமான எச் பூச்சியம் அல்ல என்று சொல்லி முதலில் அதனால் வகுக்கிறோம். அடுத்த வரியிலேயே எச்சுக்குப் பூச்சியம் போட்டு விடையை எழுதுகிறோம். எங்கள் கடையில் இப்படிக் கணக்கு எழுதினால் அப்பா விடுவாரா? கணிதத்தில் மட்டும் இதை எப்படி ஒப்புக்கொள்கிறார்கள்?
— பதினொன்றாம் வகுப்பு மாணவி, தக்கலை

உங்கள் அப்பா விடமாட்டார், கணிதமும் விடவில்லை. நீங்கள் சொல்கிறபடி ஒரே எச்சை ஒரு வரியில் பூச்சியம் அல்ல என்றும் அடுத்த வரியில் பூச்சியம் என்றும் கொண்டால் அது உண்மையிலேயே பிழைதான். ஆனால் அங்கே நடப்பது வேறு. அதைப் பார்க்க, கணக்கை ஒருமுறை பொறுமையாக எழுதிப் பார்ப்போம்.

எக்ஸ் 3இலிருந்து 3 + எச்சுக்கு நகரும்போது சார்பின் மதிப்பு 9இலிருந்து (3 + எச்)² என ஆகிறது. அந்த மாற்றம் 9 + 6எச் + எச்² − 9, அதாவது 6எச் + எச்². இதை எச்சால் வகுத்தால் கிடைப்பது சராசரி மாறுவீதம். எச் = 1 எனில் அது 7; எச் = 0.1 எனில் 6.1; எச் = 0.01 எனில் 6.01. இடப்பக்கமிருந்து வந்தால், எச் = −0.1 எனும்போது 5.9, எச் = −0.01 எனும்போது 5.99. எச் = 0 என்று நேரடியாகப் போட்டால் தொகுதியும் பகுதியும் பூச்சியமாகி, 0/0 என்ற பொருளற்ற வடிவம்தான் மிஞ்சும்.

இப்போது (6எச் + எச்²)/எச் என்பதையும் 6 + எச் என்பதையும் இரண்டு தனித்தனிச் சார்புகளாகப் பாருங்கள். எச் பூச்சியமாக இல்லாத எல்லா இடங்களிலும் இவை இரண்டும் ஒரே மதிப்பைத்தான் தருகின்றன. எச் = 0 என்ற ஒற்றை இடத்தில் மட்டும் முதலாவதற்கு மதிப்பே கிடையாது; இரண்டாவதற்கு 6 என்ற மதிப்பு உண்டு. எல்லை என்பது எச் பூச்சியத்தை நெருங்கும்போது மதிப்புகள் எங்கே போய்ச் சேருகின்றன என்று மட்டுமே கேட்கிறது. எச் பூச்சியமாகவே இருக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்பது அதன் கேள்வியே அல்ல. ஆகவே இரண்டு சார்புகளின் எல்லையும் ஒன்றாகத்தான் இருந்தாக வேண்டும். 6 + எச் தொடர்ச்சியான (இடையில் முறிவோ தாவலோ இல்லாத) சார்பு என்பதால், அதன் எல்லையை அங்குள்ள மதிப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். நாம் பூச்சியம் போடுவது இந்த இரண்டாவது சார்பில்தான். எச்சால் வகுத்த முதல் சார்பில் யாரும் பூச்சியம் போடவில்லை.

இன்னும் கண்டிப்பாகக் கேட்பவருக்கும் விடை உண்டு. "6இலிருந்து 0.001க்கு மேல் விலகக் கூடாது" என்று ஒருவர் நிபந்தனை விதித்தால், எச்சைப் பூச்சியம் நீங்கலாக −0.001க்கும் 0.001க்கும் இடையில் வைத்தால் போதும் என்று நாம் சொல்லிவிடலாம். அவர் எத்தனை சிறிய விலகலைக் கேட்டாலும் அதற்கேற்ற இடைவெளியை நம்மால் தர முடிகிறது. 6ஐத் தவிர வேறு எந்த எண்ணுக்கும் அப்படித் தர முடியாது. வகைக்கெழு 6 என்று சொல்வதன் முழுப் பொருளும் இவ்வளவுதான்.

உங்கள் ஐயம் சாதாரணமானது அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அயர்லாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் பெர்க்லி என்ற பேராயர், நியூட்டனின் முறையைப் பின்பற்றியவர்களைப் பார்த்து 1734இல் ஏறத்தாழ இதே கேள்வியைக் கேட்டார். இருப்பதாகச் சொல்லி வகுத்துவிட்டு இல்லையென்று தள்ளிவிடும் அந்தச் சிற்றளவுகளை, மறைந்துபோன அளவுகளின் ஆவிகள் என்று கேலியும் செய்தார். விடைகள் சரியாக வந்துகொண்டிருந்தனவே தவிர, ஏன் சரியாக வருகின்றன என்பதற்கு அப்போது உறுதியான பதில் இல்லை. 87 ஆண்டுகள் கழித்து, 1821இல் பிரான்சின் கோஷி எல்லையை அடிப்படையாக வைத்து நுண்கணிதத்தைக் கட்டமைத்தார். அதே நூற்றாண்டில் ஜெர்மனியின் வயர்ஸ்ட்ராஸ் மேலே சொன்ன விலகல்–இடைவெளி மொழியைச் செம்மைப்படுத்தினார். தக்கலையில் அமர்ந்து பெர்க்லியின் கேள்வியைத் தானாகவே கேட்ட மாணவிக்கு நுண்கணிதம் வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கூடவே ஒரு நடைமுறைக் குறிப்பு. பல்லுறுப்புக் கோவைகளில் எச் = 0 எனும்போது தொகுதி பூச்சியமாவதால், எச் தொகுதியின் காரணியாக இருந்தே தீரும். சுருக்கிய பிறகும் பகுதியில் எச் நீங்காமல் நின்றால், விரிவாக்கத்தில் எங்கோ கை தவறியிருக்கிறது என்று பொருள்.

மகனுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக நானும் புத்தகத்தைத் திறந்தேன். வட்டத்தை ஒரே ஒரு புள்ளியில் தொடும் கோடே தொடுகோடு என்றுதான் எங்கள் காலத்தில் படித்தோம். எக்ஸ்³ என்ற வளைவரைக்கு மகன் கண்டுபிடித்த தொடுகோடு வளைவரையை இன்னோர் இடத்திலும் சந்திக்கிறது. அப்படியானால் அது தவறுதானே?
— ஒரு தந்தை, மார்த்தாண்டம்

தங்கள் மகன் எழுதியது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். "ஒரே புள்ளி" என்ற அடையாளம் வட்டத்துக்குப் பொருந்துகிறது. மற்ற வளைவரைகளில் அது இரண்டு விதத்திலும் ஏமாற்றிவிடும்.

முதலில் எக்ஸ்³ஐயே எடுத்துக்கொள்வோம். (1, 1) என்ற புள்ளியில் (1 + எச்)³ − 1 என்பதை விரித்து எச்சால் வகுத்தால் 3 + 3எச் + எச்² கிடைக்கிறது; அதன் எல்லை 3. எனவே தொடுகோடு ஒய் = 3எக்ஸ் − 2. இந்தக் கோடு (−2, −8) என்ற புள்ளியில் வளைவரையை மறுபடியும் சந்திக்கிறது. அதனால் (1, 1)இல் அது தொடுகோடாக இருப்பதற்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை. அடுத்து எக்ஸ்²ஐப் பாருங்கள். எக்ஸ் = 3 என்ற செங்குத்துக் கோடு அந்தப் பரவளையத்தை (3, 9) என்ற ஒரே ஒரு புள்ளியில்தான் சந்திக்கிறது; ஆனாலும் அதைத் தொடுகோடு என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஏனெனில் அது வளைவரையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகிறது. அறுத்துச் செல்லாமல் இருந்தால்தான் தொடுகோடு என்று சொல்லலாமா என்றால் அதுவும் முடியாது. எக்ஸ்³க்கு ஆதிப்புள்ளியில் தொடுகோடாக அமைகிற எக்ஸ் அச்சு, அந்த வளைவரையை அங்கேயே ஊடுருவிச் செல்கிறது.

ஆகவே தொட்டும் தொடாமலும் என்ற பேச்சையெல்லாம் விட்டுவிட்டு, வெட்டுக்கோடுகளிலிருந்து தொடங்குவதே நேர்வழி. வளைவரையின் மீது நிலையான ஒரு புள்ளியையும், அதற்குச் சற்றுத் தள்ளி எச் தொலைவில் இன்னொரு புள்ளியையும் குறித்து, இரண்டையும் இணைக்கும் கோட்டை வரையுங்கள். இரண்டாம் புள்ளி இரு பக்கங்களிலிருந்தும் முதல் புள்ளியை நெருங்க நெருங்க அந்த வெட்டுக்கோட்டின் சாய்வு எந்த எண்ணை நெருங்குகிறதோ, அந்தச் சாய்வுடன் முதல் புள்ளி வழியாகச் செல்லும் கோடே தொடுகோடு. எக்ஸ்²க்கு (3, 9)இல் சாய்வு 6 என்று முந்தைய பதிலில் கண்டோம். எனவே ஒய் − 9 = 6(எக்ஸ் − 3), அதாவது ஒய் = 6எக்ஸ் − 9. எக்ஸ் = 3.1 என்ற இடத்தில் வளைவரையின் உயரம் 9.61, கோட்டின் உயரம் 9.6, வித்தியாசம் 0.01 மட்டுமே. எக்ஸ்²இலிருந்து 6எக்ஸ் − 9ஐக் கழித்தால் (எக்ஸ் − 3)² வருவதையும் மகனோடு சேர்ந்து சரிபார்த்துப் பாருங்கள். அந்த வர்க்கமே, கோடு வளைவரைக்கு மேலே ஒருபோதும் போகாது என்பதையும், 3ஐ நெருங்கும்போது இடைவெளி எத்தனை வேகமாகச் சுருங்குகிறது என்பதையும் ஒருசேரச் சொல்லிவிடுகிறது.

வகைக்கெழு காணும் வாய்ப்பாடுகளை அறிந்த பிறகு, வரையறையைப் பயன்படுத்தச் சொல்லும் கணக்குகளில் மாணவர்கள் தேவையில்லாமல் மதிப்பெண்களை இழக்கிறார்கள். எந்தெந்த இடங்களைக் கவனிக்கச் சொல்லலாம்?
— ஓர் ஆசிரியை, குளச்சல்

தாங்கள் விடைத்தாள்களில் பார்த்திருக்கக்கூடியவைதான், ஆனாலும் எழுதுகிறேன். முதலாவது, சார்பில் எக்ஸ் இருக்கும் இடத்தில் எக்ஸ் + எச் என்பதை முழுதாக வைக்காமல், சார்பின் மதிப்போடு எச்சைக் கூட்டிவிடுவது. 1/எக்ஸ் என்ற சார்புக்கு 1/(எக்ஸ் + எச்) என்று எழுதுவதற்குப் பதிலாக 1/எக்ஸ் + எச் என்று எழுதுவார்கள். அப்படி எழுதினால் எந்தச் சார்பை எடுத்தாலும் வகைக்கெழு 1 என்றே வரும். அந்த ஒரு விந்தையைக் கரும்பலகையில் காட்டிவிட்டால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

இரண்டாவது, அடைப்புக்குறியும் கழித்தல் குறியும். 1/எக்ஸ் சார்புக்கு எக்ஸ் = 2இல் வகைக்கெழு காண்போம். 1/(2 + எச்) − 1/2 என்பதைப் பொதுப் பகுதிக்குக் கொண்டுவரும்போது தொகுதியில் 2 − (2 + எச்) வர வேண்டும். அடைப்புக்குறியை விட்டுவிட்டால் அது 2 − 2 + எச் என்றாகி, சாய்வு +1/4 என்று வந்துவிடும். சரியாக எழுதினால் −எச்/(2(2 + எச்)). எச்சால் வகுத்து எல்லை காண −1/4. எக்ஸ் கூடும்போது 1/எக்ஸ் இறங்குகிறது என்பதால் சாய்வு குறை எண்ணாகத்தான் இருக்க முடியும் என்று விடையைப் பார்த்து ஒரு கணம் யோசிக்கும் பழக்கம் இருந்தால், இந்தப் பிழை மாணவரின் கண்ணிலேயே பட்டுவிடும். தொடுகோடு எக்ஸ் + 4ஒய் = 4.

மூன்றாவது, "எல்லை" என்ற குறியை இடையில் கைவிடுவது. 6 + எச் = 6 என்று எழுதினால் அது பொய்யான சமன்பாடு. எச் பூச்சியம் அல்லாதவரை இடப்பக்கம் 6 ஆகாது. எச் கடைசியாக நீங்கும் வரி வரை எல்லைக் குறி ஒவ்வொரு வரியிலும் கூடவே வர வேண்டும். இதைச் சிலர் வெறும் எழுத்துச் சடங்காக நினைக்கிறார்கள். தக்கலை மாணவி கேட்ட கேள்விக்குப் பதிலே அந்தக் குறியில்தான் இருக்கிறது.

வர்க்கமூலம் வரும் கணக்குகளில் தொகுதியை எப்படிப் பிரிப்பது என்று தெரியாமல் பலர் நின்றுவிடுகிறார்கள். √எக்ஸ் சார்புக்கு எக்ஸ் = 4இல் (√(4 + எச்) − 2)/எச் என்று வரும். தொகுதி, பகுதி இரண்டையும் √(4 + எச்) + 2 என்பதால் பெருக்கினால் தொகுதி வெறும் எச் ஆகிறது. அது நீங்கியபின் எஞ்சுவது 1/(√(4 + எச்) + 2), அதன் எல்லை 1/4. தொடுகோடு ஒய் = எக்ஸ்/4 + 1. இந்தக் கோட்டில் எக்ஸ் = 4.1 என்று போட்டால் 2.025 கிடைக்கிறது, 4.1இன் உண்மையான வர்க்கமூலம் 2.0248 என்று தொடங்குகிறது. தொடுகோட்டினால் என்ன பயன் என்று கேட்கும் பிள்ளைக்கு இதைக் காட்டலாம்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேலிருந்து ஒரு கல்லைக் கைவிட்டால், சரியாக 2 வினாடி ஆகும் கணத்தில் அதன் வேகம் என்ன? தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம் என்கிறார்கள். ஒரு கணத்தில் நேரமும் ஓடவில்லை, தூரமும் கடக்கவில்லையே?
— வாசகர், திருவட்டாறு

கல்லைத் தாளில் மட்டும் போடுங்கள். பாலத்துக்குக் கீழே ஆட்கள் நடமாடுவார்கள். தொட்டிப்பாலத்தின் உயரம் 115 அடி, அதாவது சுமார் 35 மீட்டர். காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், டி வினாடியில் கல் விழும் தூரம் 4.9டி² மீட்டர். 2 வினாடியில் அது 19.6 மீட்டர் இறங்கியிருக்கும்.

2 வினாடிக்கும் 2 + எச் வினாடிக்கும் இடையில் கடக்கும் தூரம் 19.6எச் + 4.9எச்², அந்த இடைவெளியின் சராசரி வேகம் 19.6 + 4.9எச். அடுத்த அரை வினாடியில் அது 22.05, அடுத்த பத்தில் ஒரு வினாடியில் 20.09, முந்தைய பத்தில் ஒரு வினாடியில் 19.11. தாங்கள் சொன்னது சரியே: ஒரு கணத்துக்குள் வகுப்பதற்கு எதுவும் இல்லை. அதனால்தான் கணத்தின் வேகத்தை வகுத்துக் காண்பதில்லை. அந்தக் கணத்தைச் சுற்றியுள்ள இடைவெளிகள் குறுகக் குறுக, இருபுறத்துச் சராசரி வேகங்களும் சேரும் எண்ணையே அந்தக் கணத்தின் வேகம் என்று பெயரிட்டு அழைக்கிறோம். இங்கே அது வினாடிக்கு 19.6 மீட்டர்.

தூரம்–நேரம் வரைபடத்தில் இந்தக் கணத்துக்கான தொடுகோடு 19.6டி − 19.6. அந்த நொடியோடு புவியீர்ப்பு நின்றுபோய், கல் அதே வேகத்தில் இறங்கினால் அது எங்கே இருக்கும் என்பதைத்தான் அந்தக் கோடு சொல்கிறது. அப்படி இறங்கினால் எஞ்சிய 15.4 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.79 வினாடி ஆகும். உண்மையில் வேகம் கூடிக்கொண்டே போவதால் 0.67 வினாடியிலேயே தரையைத் தொட்டுவிடும். தரையைத் தொடும்போது அதன் வேகம் வினாடிக்குச் சுமார் 26 மீட்டர், அதாவது மணிக்கு 94 கிலோமீட்டர். கல்லைப் போட வேண்டாம் என்று முதலிலேயே சொன்னதற்குக் காரணம் புரிந்திருக்கும்.

|எக்ஸ்| என்ற மட்டுச் சார்புக்குப் பூச்சியத்தில் வகைக்கெழு இல்லை என்பது தெரியும். எக்ஸ்|எக்ஸ்| என்று பெருக்கி எழுதினால் அதற்கும் அங்கே வகைக்கெழு இருக்காதுதானே?
— கல்லூரி மாணவர், நாகர்கோவில்

இருக்கிறது. |எக்ஸ்|க்கு எச் மிகை எண்ணானால் விகிதம் 1, குறை எண்ணானால் −1. இரண்டு பக்கத்து எல்லைகளும் ஒத்துப்போகாததால் வகைக்கெழு இல்லை. எக்ஸ்|எக்ஸ்|க்கு விகிதம் எச்|எச்|/எச், அதாவது |எச்|. அது எந்தப் பக்கமிருந்தும் பூச்சியத்தையே நெருங்குகிறது. ஆகவே வகைக்கெழு 0, தொடுகோடு எக்ஸ் அச்சு. பெருக்கல் விதி இந்த இடத்தில் உதவாது. அதற்கு இரண்டு காரணிகளுக்கும் வகைக்கெழு இருந்தாக வேண்டும். இத்தகைய இடங்களில் வரையறையைத் தவிர வேறு துணை இல்லை. எக்ஸின் கனமூலத்தையும் பூச்சியத்தில் இதே வழியில் பாருங்கள்: விகிதம் வரம்பின்றிப் பெரிதாவதால் வகைக்கெழு கிடையாது, ஆனால் தொடுகோடு உண்டு, அது ஒய் அச்சு.

சைன் சார்பை வகையிடும்போது கோணத்தை ஏன் ரேடியனில்தான் எடுக்க வேண்டும்?
— வாசகி, அருமனை

வரையறைப்படி பூச்சியத்தில் நாம் காண வேண்டியது சைன் எச்/எச் என்பதன் எல்லை. ரேடியனில் (வில்லின் நீளத்தை ஆரத்தால் வகுத்துக் கோணத்தை அளக்கும் முறையில்) அது 1. பாகையில் எடுத்தால் π/180, அதாவது சுமார் 0.01745. பாகையில் வகையிடுவது தவறல்ல. ஒவ்வொரு வகையிடலிலும் அந்த எண்ணைச் சுமந்துகொண்டு திரிய வேண்டியிருக்கும், அவ்வளவுதான். சைனை எண்ணற்ற உறுப்புகள் கொண்ட தொடராக விரிக்கும் முறையை ஐரோப்பியருக்கு முன்பே, 14ஆம் நூற்றாண்டில் கேரளக் கணிதவியலாளர் சங்கமகிராமத்து மாதவர் கண்டிருந்தார். 16ஆம் நூற்றாண்டில் ஜேஷ்டதேவர் அதற்கான நிறுவலை மலையாளத்தில் எழுதிவைத்தார். தங்கள் ஊர்ப் பக்கம் மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

வளைவரையின் மேல் இல்லாத புள்ளியிலிருந்து தொடுகோடு வரைய முடியுமா? எக்ஸ்²க்கு (1, −3)இலிருந்து கேட்டிருக்கிறார்கள். நான் வகைக்கெழுவில் எக்ஸ் = 1 போட்டுச் சாய்வு 2 என்று எழுதினேன்; தவறு என்கிறார்கள்.
— பதினொன்றாம் வகுப்பு மாணவர், குழித்துறை

வகைக்கெழு தருவது வளைவரையின் மேலுள்ள புள்ளியில் சாய்வை. (1, −3) வளைவரையின் மேல் இல்லை. ஆகவே அங்கே 1ஐப் போட்டது பொருந்தாது. தொடும் புள்ளி எதுவென்று தெரியாததால் அதை (அ, அ²) என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சாய்வு 2அ, தொடுகோடு ஒய் = 2அ·எக்ஸ் − அ². இது (1, −3) வழியாகச் செல்ல வேண்டுமானால் −3 = 2அ − அ², அதாவது அ² − 2அ − 3 = 0. இதிலிருந்து அ = 3 அல்லது −1. கோடுகள் ஒய் = 6எக்ஸ் − 9, ஒய் = −2எக்ஸ் − 1. இரண்டிலும் எக்ஸ் = 1 போட்டால் −3 வருவதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இதே வழியில் (1, 2) என்ற புள்ளியை எடுத்தால் அ² − 2அ + 2 = 0 என்று வரும்; அதற்கு மெய் மூலங்கள் இல்லை. பரவளையத்தின் உள்ளே இருக்கும் அந்தப் புள்ளியிலிருந்து அதற்குத் தொடுகோடு எதுவும் வரைய முடியாது.